மழையிலும் திறந்திருக்கும் சாளரம்

நம் ஊர்ப் பெட்டிக்கடையைப் பார்த்திராதவர் இச்சங்கத்தில் எவரும் இருக்கமாட்டார். காலையில் கடைக்காரர் முன்புறத் தட்டியைக் கீழிருந்து மேலாகத் தூக்குவார். ஒரு கழியை முட்டுக்கொடுத்து நிறுத்துவார். தட்டி உடனே கூரையாகிவிடும். வெயிலுக்கு நிழல், மழைக்குத் தடுப்பு, உள்ளே காற்று ஆகிய மூன்றும் ஒரே தட்டியினால் கிடைக்கும். இரவில் கழியை எடுத்துவிட்டால் கடை மூடிக்கொள்ளும்.

அந்தத் தட்டியின் ஓலைக்குப் பதில் கண்ணாடியையும், மூங்கிலுக்குப் பதில் அலுமினியத்தையும் வைத்துப் பாருங்கள். அதுவே இன்று ‘ஆனிங்’ ஜன்னல் என்று கட்டடக் கலைஞர் சொல்லும் சாளரம். மேல் விளிம்பில் கீல் இருக்கும். கீழ் விளிம்பு வெளிப்புறமாகத் திறக்கும். இக்கட்டுரையில் அதை மேற்கீல் சாளரம் என்றே அழைப்போம்.

ஜன்னலைப் பற்றி ஒரு விஞ்ஞான மாணவன் ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. டில்லியில் நாம் வாழும் விடுதியின் பழைய பகுதியில் ஜன்னல்களை மாற்றப் போகிறார்கள். எவ்வகை வேண்டும் என்று மாணவர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். நம்மவர் பலர், பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று, பக்கவாட்டில் நகரும் ஜன்னலையே விரும்புகின்றனர். நான் அத்தகைய ஜன்னலுள்ள அறையில் இருப்பவன். சென்ற ஜூலையில் ஒரு நாள் காற்றுக்காக அதைத் திறந்து வைத்துவிட்டு ஆய்வுக்கூடம் போய்விட்டேன். பிற்பகலில் மழை கொட்டிற்று. மேசைமேல் இருந்தது என் அறை நண்பனின் சோதனைக் குறிப்பேடு. மூன்று மாத உழைப்பு. அவன் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. இரவெல்லாம் மின்விசிறியின் கீழ் ஒவ்வொரு தாளாக உலர்த்திக் கொண்டிருந்தான். அன்றுதான் ஜன்னலைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் காற்றைப் பார்ப்போம். நகரும் ஜன்னலில் இரண்டு கதவுகள் இருந்தால், ஒன்று மற்றொன்றின் பின்னே ஒதுங்கும். ஆகவே எவ்வளவு திறந்தாலும் பாதிக்கு மேல் திறவாது. பக்கக் கீலுள்ள நம் பழைய ஜன்னலோ ஏறத்தாழ 90 சதவீதம் திறக்கும். மேற்கீல் சாளரத்தின் திறப்பு, அதை எவ்வளவு சாய்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. 90 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள சாளரத்தை 15 டிகிரி திறந்தால், கீழே சுமார் 16 சென்டிமீட்டர் இடைவெளி உண்டாகும். இரு பக்கத்து முக்கோணங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தத் திறப்பு 43 சதவீதமே. 30 டிகிரி திறந்தால் அது 85 சதவீதமாகிறது. எனவே இச்சாளரம் காற்றுக்கு நல்லதா என்ற கேள்விக்கு, அதைத் தாங்கும் கோலின் நீளமே விடை சொல்லும்.

வீடுகளுக்காக 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் எரிசக்தி விதித்தொகுப்பு இதற்கு ஓர் அளவு சொல்கிறது. திறக்கக்கூடிய ஜன்னற் பரப்பு, டில்லி போன்ற கலப்புத் தட்பவெப்ப நிலையில் தரைப்பரப்பின் 12.5 சதவீதமாவது இருக்க வேண்டும். சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் 16.66 சதவீதம். நம் அறைக்கும் இது நல்ல அளவுகோலே. 10 சதுர மீட்டர் அறைக்கு டில்லியில் 1.25 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். அதைப் பெற நகரும் ஜன்னலானால் 2.5 சதுர மீட்டரும், பக்கக் கீல் ஜன்னலானால் 1.4 சதுர மீட்டரும் போதும். 15 டிகிரி மட்டும் திறக்கும் மேற்கீல் சாளரமோ 2.9 சதுர மீட்டர் தேவைப்படும். தனித்து நின்று முழு வேலையையும் செய்யக்கூடியதன்று அது என்பது இதிலிருந்து விளங்கும்.

பின் அதன் பெருமை என்ன? மழையில் திறந்திருக்க முடிவதுதான். சாய்ந்த கண்ணாடியின்மேல் விழும் நீர் வெளியே வழிந்து போகும். சுழன்றடிக்கும் மழை பக்கவாட்டில் சிறிது நுழையலாம், நேர்மழை நுழையாது.

டில்லிவாசிகளுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கோடையில் நம்மில் பலர் நம்பியிருப்பது கூலரை. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் காற்றிலிருந்து பறித்துக்கொள்வதால் காற்று குளிர்கிறது. ஆனால் உள்ளே வந்த ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும். வழியை அடைத்தால் ஈரம் தங்கும். ஈரக்காற்றில் மேலும் நீர் ஆவியாகாது. குளிர்ச்சி போய்ப் புழுக்கமே மிஞ்சும். புழுதிக்கு அஞ்சி ஜன்னலை அடைத்துவிட்டுக் கூலரைக் குறை சொல்லும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அறையின் எதிர்ப்புறம், உயரத்தில், சிறிது திறந்த ஒரு மேற்கீல் சாளரம் இருந்தால் இக்குறை தீரும்.

அடுத்து, மூடியிருக்கும்போது என்ன நடக்கிறது? நகரும் கதவு நகர வேண்டுமானால் சட்டத்திற்கும் அதற்கும் இடையே சிறு சந்து இருந்தே தீரும். தூரிகை போன்ற பட்டையால் அதை மறைப்பார்கள். மேற்கீல் சாளரமோ நான்கு புறமும் ரப்பர்ப் பட்டையின்மேல் அழுந்தி மூடுகிறது. வெளிக்காற்று வேகமாக மோதினால் கதவு சட்டத்தோடு மேலும் நெருங்கும். மே மாதத்து ‘லூ’ அனற்காற்றும், ஜனவரிக் குளிரும், நவம்பர்ப் புகையும் அறைக்குள் வருவது இதனால் குறையும்.

இனி வெயில். இங்கேதான் பெட்டிக்கடைத் தட்டியும் கண்ணாடியும் வேறுபடுகின்றன. ஓலை நிழல் தரும். வெறும் கண்ணாடி தராது. மேற்கு நோக்கிய ஒரு சதுர மீட்டர் ஜன்னலின்மேல் கோடை மாலையில் 600 வாட் வெயில் விழுவதாகக் கொள்வோம். மெல்லிய சாதாரணக் கண்ணாடி அதில் சுமார் 85 சதவீதத்தை, அதாவது 500 வாட்டை, உள்ளே விட்டுவிடும். வெளியே 42 டிகிரியும் உள்ளே 27 டிகிரியும் இருக்கையில், வெப்ப வேற்றுமையால் கண்ணாடி வழியே கடந்துவரும் வெப்பம் 85 வாட் அளவே. இரண்டில் எது பெரும் பகைவன் என்று சொல்லவும் வேண்டுமா? ஒரு டன் குளிர்சாதனம் நீக்கக்கூடியது 3,500 வாட் வெப்பம். இரண்டு சதுர மீட்டர் மேற்கு ஜன்னல் அதன் திறனில் கால்பங்குக்கு மேல் விழுங்கிவிடும்.

உள்ளே திரை போட்டால் போதாதா? திரையைத் தொடுமுன்பே வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிடுகிறது. வெயிலை வெளியே தடுப்பதே அறிவுடைமை. சாயுங்காலக் கதிர் தாழ்ந்து வருவதால் மேற்குப்புறத்தில் சஜ்ஜா மட்டும் உதவாது. மூங்கில் தட்டி தொங்கவிட வேண்டும். சாளரம் வெளிப்புறம் திறப்பதாகையால் தட்டியைச் சஜ்ஜாவின் விளிம்பில் தொங்கவிட்டால்தான் ஒன்றோடொன்று இடிக்காது.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. வெளித்தாழ்வாரத்தில் தலை மட்டத்தில் இதை வைத்தால் நடப்பவர் நெற்றி பிளக்கும். மாடியறையில் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைப்பது கடினம். கொசுவலையை உட்புறமே அமைக்க வேண்டும்; வலை காற்றைச் சிறிது குறைக்கும். கோல் தளர்ந்தால் புயற்காற்று கதவை அறைந்து உடைக்கும்.

ஆகவே நான் எழுதிக் கொடுக்கப்போகும் கருத்து இது: கீழே பக்கக் கீல் ஜன்னல், அதன்மேல் உயரத்தில் 30 டிகிரி வரை திறக்கும் மேற்கீல் சாளரம், மேற்குப்புற அறைகளுக்கு வெளியே மூங்கில் தட்டி. அழகை மட்டும் பார்த்துக் கையெழுத்திட இருக்கும் நண்பர்கள் அருள்கூர்ந்து ஒரு நாள் பொறுங்கள். இன்று நாம் எழுதும் ஒரு வரி, நமக்குப் பின் இவ்வறைகளுக்கு வரப்போகும் தம்பி தங்கையரின் பல கோடை உறக்கத்தையும், சிலருடைய குறிப்பேடுகளையும் காக்கும்.