விட்ட இடத்திலிருந்து தொடர்தல்



வீட்டிலுள்ள பாட்டிமார், ஒரு காரியம் மறந்துபோகாதிருக்க முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். உறங்கி எழுந்தாலும் முடிச்சு அப்படியே இருக்கும். அதைக் கண்டவுடன் காரியம் நினைவுக்கு வரும். கணிப்பொறிக்கும் அத்தகைய முடிச்சு ஒன்று தேவைப்படுகிறது. அது எப்போது தேவைப்படுகிறது, எவ்வாறு தவறிப்போகிறது, தவறிய இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பவற்றை இன்று கூற விரும்புகிறேன்.

ஒரு கணிப்பொறியில் விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை நிறுவி, வேண்டிய மென்பொருள்களையும் சேர்ப்பது சில மணி நேர வேலை. ஒன்றிரண்டு பொறிகளாயின் ஒருவர் அருகில் அமர்ந்து செய்து முடிக்கலாம். நாற்பது பொறிகளாயின் அஃது இயலாது. ஆகவே செய்யவேண்டியவற்றையெல்லாம் வரிசையாக எழுதி, ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளை நிரலாக்கிப் பொறியிடமே ஒப்படைத்துவிடுகிறோம். ஆயின் மென்பொருள்கள் சில, தம்மை நிறுவியபின் பொறியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுமாறு கேட்கின்றன. பயன்பாட்டில் இருக்கும் கோப்பை விண்டோஸ் எளிதில் மாற்றவிடாது. பழையது விலகிப் புதியது அமர்வதற்கு மறுதொடக்கமே தக்க தருணம்.

மறுதொடக்கத்தில் நினைவகத்தில் உள்ளது அனைத்தும் அழிகின்றது. ஓடிக்கொண்டிருந்த நிரலும் அதனுடன் மறைகின்றது. பொறி மீண்டும் விழிக்கும்போது, தான் பத்தாவது செயலில் நின்றதாக அதற்கு எந்த நினைவும் இராது. ஆகவே தொடர்ச்சிக்கு மூன்று தேவைகள் உண்டு. முதலாவது, எங்கே நின்றோம் என்னும் குறிப்பு வட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, நிரலை எழுப்புவதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். மூன்றாவது, எழுந்த நிரலுக்கு அது முன்பு நம்பியிருந்த சூழல் கிடைக்க வேண்டும். தொடராமல் நின்றுவிட்ட நிரலை ஆராயும்போது, இம்மூன்றையும் இவ்வரிசையிலேயே கேட்டுப் பார்த்தல் நலம்.

இதை நான் ஏட்டில் படித்து அறிந்தேன் அல்லேன். தவறு செய்தே அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாற்பது பொறிகளுக்கு நிரல் எழுதி, மாலையில் ஏவிவிட்டு வீடு திரும்பினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அங்கே செய்முறைத் தேர்வு. விடியலில் வந்து பார்த்தபோது பாதிப் பொறிகளில் வேலை முடிந்திருந்தது. ஒரு வரிசை, கடவுச்சொல் கேட்கும் திரையில் நின்றது. மற்றொரு வரிசை, வெறும் முகப்புத் திரையைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது. பதற்றத்தில் நின்றவற்றையெல்லாம் மீண்டும் ஒருமுறை மறுதொடக்கம் செய்தேன். ஒரு பயனும் இல்லை.

காரணத்தைப் பிறகே கண்டேன். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ரன்ஒன்ஸ் என்று ஓர் இடம் உண்டு. அங்கே எழுதிவைத்த கட்டளை, அடுத்த முறை ஒருவர் உள்நுழையும்போது ஒரே ஒரு தடவை இயக்கப்படும். பொறி விழித்தால் மட்டும் போதாது. யாரேனும் உள்நுழைய வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பொறி முழுமைக்கும் பொதுவாக எழுதிய கட்டளையாயின், நிர்வாகி உரிமை உடையவரே உள்நுழைய வேண்டும். இரவில் ஆளில்லாமையால், பொறி தானே உள்நுழையும் ஏற்பாட்டைச் செய்து, இரண்டு முறை என்று எண்ணிக்கையும் கொடுத்திருந்தேன். கடவுச்சொல் கேட்டு நின்ற பொறிகள் வேறு மாதிரியைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் கூடுதலாக ஒரு மென்பொருள் தேவைப்பட்டதால், மூன்றாவது மறுதொடக்கமும் நேர்ந்தது. எண்ணிக்கை தீர்ந்துபோயிற்று. முடிச்சு இருந்தது, அதைப் பார்ப்பார்தாம் இல்லை. நான் கடவுச்சொல்லைத் தட்டியதும் நிரல் எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மற்ற வரிசையின் கதை வேறு. அங்கே உள்நுழைவும் நிகழ்ந்தது. நிரலை எழுப்பும் கட்டளையும் ஓடிற்று. ஆனால் நிரல் இருந்ததோ வலையமைப்பின் வழியே இசட் என்னும் எழுத்தில் இணைத்த வேறொரு பொறியின் வட்டில். அவ்வரிசையில் வலையமைப்பு உயிர்பெறச் சற்றுத் தாமதமாயிற்று. கட்டளை சென்று தேடியபோது இசட் இல்லை. ரன்ஒன்ஸோ, கட்டளையை இயக்குவதற்கு முன்பே அதைத் தன் பட்டியலிலிருந்து அழித்துவிடும் இயல்புடையது. காரியம் முடியுமுன்னரே முடிச்சை அவிழ்த்துவிட்டால், காரியம் கெட்டபின் நினைவூட்ட எது உண்டு? நான் எத்தனை முறை மறுதொடக்கம் செய்திருந்தாலும் அந்நிரல் எழுந்திராது. கட்டளையின் பெயருக்கு முன்னால் ஒரு வியப்புக்குறியை இட்டிருந்தால், கட்டளை ஓடி முடிந்த பின்னரே அது அழிக்கப்பட்டிருக்கும். அன்று அப்பொறிகளைக் கையாலேயே முடித்தேன். தேர்வு ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. தாழ்வாரத்தில் காத்து நின்ற மாணவர்களின் முகங்கள் இன்றும் என் நினைவில் உள்ளன.

இனிச் செய்யத்தக்கவற்றைக் கூறுவேன். நிரலை முதலில் அந்தந்தப் பொறியின் சொந்த வட்டிலே படியெடுத்து வைத்து, முழு முகவரியுடன் அழையுங்கள். உள்நுழைவை நம்பாமலிருக்க வேண்டுமாயின், பொறி தொடங்கும்போதே சிஸ்டம் என்னும் கணக்கில் ஓடுமாறு டாஸ்க் ஷெட்யூலரில் பதிவு செய்யலாம். ஆயின் ஒரு பயனர் தமக்கென இணைத்துக்கொண்ட வலையமைப்பு வட்டுகள் அக்கணக்கின் கண்ணுக்குத் தெரியமாட்டா. லினக்ஸில் இதே பணியை சிஸ்டம்டி செய்கின்றது. அங்கே தற்காலிகக் கோப்புறையில் வைத்த குறிப்பு, மறுதொடக்கத்தில் அழிந்துபோகக்கூடும். நிலையான இடத்திலேயே வையுங்கள்.

நிறுவி முடித்த மென்பொருள் திருப்பித் தரும் எண்ணையும் படிக்கப் பழகுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலரில் 0 என்றால் வெற்றி. 3010 என்றாலும் வெற்றிதான்; மறுதொடக்கம் வேண்டும் என்பது அதன் பொருள். பூஜ்யம் அல்லாத யாவும் தோல்வி என்று எழுதிய நிரல், இவ்வெற்றியைத் தோல்வியெனக் கொண்டு நின்றுவிடும். 1641 என்பதோ, மறுதொடக்கம் இப்போதே தொடங்கிவிட்டது என்று அறிவிப்பது. அதன்பின் குறிப்பெழுத நிரலுக்கு நேரம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே முடிச்சை எப்போதும் செயலுக்கு முன்னரே இடவேண்டும். மேலும், எழுந்த நிரல் ஒவ்வொரு செயலுக்கும் முன்பாக, இது முன்னமே நிறைவேறியதா என்று பார்த்துக்கொள்ளுமாயின், ஒரே செயலை இருமுறை செய்து கெடுக்கும் அச்சமும் இல்லை.

பழுது எங்கே என்று தெரியாதபோது, பெரிய நிரலை ஒதுக்கிவிட்டு, நேரத்தையும் தன்னை இயக்கும் கணக்கின் பெயரையும் ஒரு கோப்பில் எழுதுவதன்றி வேறொன்றும் செய்யாத சிறு நிரல் ஒன்றை அதே இடத்தில் வையுங்கள். மறுதொடக்கத்திற்குப் பின் கோப்பில் வரி இல்லையெனில், எழுப்பும் ஏற்பாட்டிலே குறை. வரி இருக்குமாயின், குறை குறிப்பிலோ சூழலிலோ இருக்கின்றது. அரை மணி நேரச் சோதனை, ஓர் இரவின் உழைப்பைக் காக்கும்.

இறுதியாக ஒன்று. தானாக உள்நுழைய ரெஜிஸ்ட்ரியில் நாமே எழுதிவைத்த கடவுச்சொல், மறைப்பின்றி எவரும் படிக்கும்படி அங்கே கிடக்கும். வேலை முடிந்ததும் அதை அழிப்பதையே நிரலின் கடைசிச் செயலாக எழுதுங்கள். முடிச்சை இடுவது எவ்வளவு தேவையோ, காரியம் நிறைவேறியபின் அதை அவிழ்ப்பதும் அவ்வளவு தேவை.