பழவேற்காடு ஏரியில் யாருக்கு எந்த இடம்?

வளங்கள் பற்றிய பாடம் வந்தால் நிலக்கரி, இரும்புத்தாது, பெட்ரோலியம் என்று பட்டியல் போட்டுவிடுகிறோம். அந்த வளத்தை எடுக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. பழவேற்காட்டுப் பக்கம் பணியாற்றும் எனக்கு அதைத் தவிர்க்க வழியில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் பலரின் வீட்டில் அன்றாடப் பேச்சே அதுதான்.

சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் வருகிறது. இறால் குஞ்சுகள் கடலிலிருந்து உள்ளே வந்து, வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் வலை கட்டுபவருக்கே நல்ல வரும்படி. ஏரி பெரிது, நல்ல இடம் சிறிது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு மீனவர்கள் கண்ட வழி 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் குடும்பங்கள் தலைமுறைகளாக இதைப் பின்பற்றுகின்றன. ஊரில் தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்டவருக்குப் பங்கு உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் சுத்துவலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை சுமாரான இடத்துக்குப் போக வேண்டும். அதிர்ஷ்டமும் நட்டமும் சுற்றி வரும். எல்லோரும் ஒரே இடத்தில் மொய்ப்பதும் இல்லை. எழுதாத சட்டத்தில் இவ்வளவு கணக்கு இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் பாதிக் கதையைச் சொல்லி நிறுத்தினால் அது வெறும் பெருமை பேசுவதாகிவிடும். சீட்டில் பெயர் இல்லாதவர்களும் இதே ஏரியை நம்பித்தான் இருக்கிறார்கள். கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர்கள் இருக்கிறார்கள். பின்னாளில் மீன்பிடிக்கு வந்த பிற சமூகத்தாரும் இருக்கிறார்கள். இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறியபின், 'எங்களுக்கு ஏன் பங்கில்லை?' என்று அவர்கள் கேட்டார்கள். மோதல்களும் நடந்தன. முன்னவர் காட்டுவது மரபு, பின்னவர் காட்டுவது பசி. தண்ணீருக்குப் பட்டா எவரிடமும் இல்லை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் அமைக்கத் தடை விதித்தது. அது ஏரியைக் காக்கும் தீர்ப்பு. ஏரிக்குள் யாருக்கு எந்த இடம் என்பது அதில் வரவில்லை. இலங்கையில் நீர்கொழும்புக் காயலில் இதுபோன்ற கட்டுவலை முறைக்கு அரசே விதிமுறை வகுத்திருக்கிறது.

இதன் மேல் மாநில எல்லை வேறு. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று இரு மாநிலங்களும் சில பகுதிகளை மாற்றிக்கொண்டன. வரைபடத்தில் உள்ள கோடு தண்ணீரில் தெரியாது, இறாலுக்கும் தெரியாது. எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகையும் வலையையும் பிடித்துவைக்கும் தகராறு அவ்வப்போது எழுகிறது.

உயர்நிலை வகுப்பில் இதை உலகப் படத்தோடு இணைக்கலாம். ஆப்பிரிக்காவின் மேற்கு சகாராவில் பெரும்பகுதி மொராக்கோவின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தங்கள் நாடு என்கிறார்கள் சஹ்ராவி மக்கள். பூ கிரா சுரங்கத்தின் பாஸ்பேட் ஏறத்தாழ 100 கி.மீ. நீளமுள்ள கன்வேயர் பட்டையில் கடற்கரைக்குப் போகிறது. அங்கும் கரையோரக் கடலில் மீன்வளம் அதிகம். அந்த மக்களின் ஒப்புதல் இல்லாமல் மொராக்கோவுடன் மீன்பிடி ஒப்பந்தம் செய்தது செல்லாது என்று 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது. பாலைவனமும் ஏரியும் வேறு வேறு, இழுபறி ஒன்றுதான்.

வகுப்பில் நான் செய்வது இது. கரும்பலகையில் 10 இடங்களை வரைந்து, அதில் இரண்டை மட்டும் 'நல்ல இடம்' என்று குறிப்பேன். மாணவர்கள் 20 குடும்பங்களாகப் பிரிந்து தாங்களே விதி வகுப்பார்கள். பெரும்பாலும் சீட்டுக்கே வந்து சேர்வார்கள். விதி உறுதியானபின் இன்னும் ஐந்து குடும்பங்களை உள்ளே அனுப்புவேன். அதன்பின் நான் பேசுவதில்லை. இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள்; ஒன்றில் முடியாது.