எல்லாரும் நிறுத்தினால்தான் எஞ்சின் நிற்கும்

2020ஆம் ஆண்டில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது பாடமெல்லாம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகள் பலவற்றில் ஒரே ஒரு தொலைபேசிதான். இரவில் அதற்குச் சார்ஜ் ஏற்றி, காலையில் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அப்பா வேலைக்குப் போவார். மத்தியானத்திற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். "படம் பார்த்தே தீர்த்துவிட்டாய்" என்று பிள்ளைக்கு ஏச்சு விழும். "மேசைமேல் சும்மாதானே வைத்திருந்தேன்" என்று பிள்ளை அழும். நம்மிடம் ஆறாம் ஆண்டு படித்த மாணவி ஒருத்திக்கு இதற்காக அடியே விழுந்தது. அவள் பொய் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது.

சும்மா கிடக்கும் கருவி எப்படிச் சக்தியைத் தின்னும்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

தொலைபேசிக்குள் கணக்கெல்லாம் போடுகிற சில்லுக்குப் புரோசஸர் என்று பெயர். அதற்குள் இருப்பது ஒரே ஓர் ஆள் அல்ல; இரண்டு பேர், நான்கு பேர், எட்டுப் பேர்கூட இருப்பார்கள். கோர் என்பது அவர்களுக்குப் பெயர். நாம் ஆள் என்றே சொல்லிக்கொள்வோம். இவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது கெர்னல் என்னும் அடிப்படை நிரல். ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் இருப்பது லினக்ஸ் கெர்னல். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கியது. அந்தக் கெர்னலுக்குள் இந்தச் சில்லின் குணம் இன்னது என்று அறிந்து நடந்துகொள்ளும் ஒரு பகுதி உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர். லாரி ஓட்டுகிறவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேலை இல்லாதபோது ஆள் தூங்குகிறான். அந்தத் தூக்கத்தில் படிகள் உண்டு. நம் வீட்டு விறகடுப்பை எண்ணிப் பாருங்கள். சோறு வடித்த கையோடு குழம்பு வைக்க வேண்டுமானால் தணலை மூடி வைப்போமே தவிர, தண்ணீர் ஊற்றி அணைக்க மாட்டோம். அணைத்துவிட்டு மறுபடி மூட்டினால், மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதல் விறகல்லவா செலவாகும்? சில்லிலும் அதே கணக்குத்தான். 2015இல் வெளிவந்த இன்டெல் ஸ்கைலேக் சில்லுகளுக்கான டிரைவரில் ஒரு பட்டியல் இருக்கிறது. மிக இலேசான தூக்கத்திலிருந்து எழ ஒரு வினாடியில் பத்து இலட்சத்தில் 2 பங்கு நேரம் போதும். மிக ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ 890 பங்கு வேண்டும். அதோடு, குறைந்தது 5,000 பங்கு நேரமாவது, அதாவது வினாடியில் இருநூறில் ஒரு பங்காவது, தூங்கினால்தான் அது இலாபம். (1972இல் பினாங்கில் ஆலை திறந்த அதே இன்டெல்தான்.)

எவ்வளவு நேரம் வேலை வராது என்று முன்கூட்டியே மதிப்பிட வேறொரு பகுதி உண்டு. அதற்குக் கவர்னர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! கவர்னர் படியைச் சொல்வார். டிரைவர் அதை நிறைவேற்றுவார். இந்த ஏற்பாட்டை விளக்கி வெங்கடேஷ் பள்ளிபாடி முதலிய மூவர் 2007இல் கனடாவின் ஒட்டாவா நகரில் ஒரு கட்டுரை படித்தார்கள். ஒன்றும் செய்யாமலிருப்பதையும் திறமையாகச் செய் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார்கள்.

இதுவரை ஓர் ஆளின் தூக்கத்தைப் பார்த்தோம். பல பேர் இருக்கும்போதுதான் சிக்கல்.

பழைய ரப்பர் ஆலை நினைவிருக்கிறதா? கூரையடியில் நீண்ட இரும்புத் தண்டு ஒன்று ஓடும். ஒரே எஞ்சின் அதைச் சுழற்றும். அதிலிருந்து ஒவ்வோர் உருளைக்கும் பெல்ட் இறங்கும். ஓர் உருளைக்காரர் தம் பெல்ட்டை மட்டும் தள்ளிவிட்டு உட்காரலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் எஞ்சினையே நிறுத்த வேண்டுமென்றால் எல்லாரும் கை ஓய்ந்திருக்க வேண்டும். ஒருவர் ஷீட்டை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் போய் எஞ்சினை அணைத்தால் என்ன ஆகும்?

சில்லிலும் எல்லாருக்கும் பொதுவான பகுதிகள் உண்டு. ஒன்று பொது நினைவகம். மற்றொன்று, அழைப்பு வந்தால் யாரை எழுப்புவது என்று பார்க்கும் மணிக்காரன் போன்ற பகுதி. இவற்றை அணைத்தால்தான் மிச்சம் பெரிதாக இருக்கும். 2011இல் வந்த கேலக்ஸி நெக்ஸஸ் தொலைபேசியில் ஓமேப் 4460 என்ற சில்லு இருந்தது. அதில் ஆட்கள் இருவர். அதன் அமைப்பில் ஒரு குறை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து ஒருவன் எழும்போது, மற்றவன் ஒரு திருத்தம் செய்யாவிட்டால் மணிக்காரனின் நிலை கெட்டுப்போகும். டெக்ரா 2 என்ற சில்லிலோ, முதலாம் ஆள்தான் கடைசியாகப் படுக்க வேண்டும்.

கூகுள் நிறுவனத்தின் காலின் கிராஸ் இதற்கு ஒரு வழி எழுதினார். 2012இல் அது லினக்ஸில் சேர்ந்தது. அதை இரண்டு பதிவேடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தவன் முதல் ஏட்டில் 'காத்திருக்கிறேன்' என்று பெயர் எழுதிவிட்டு இலேசாகக் கண்ணயர்வான். கடைசி ஆளும் எழுதியதும், அவன் மற்றவர்களைத் தட்டி எழுப்புவான். தூங்குவதற்காக எழுப்புவதா என்று சிரிக்காதீர்கள். இலேசாகத் தூங்குகிறவனை அப்படியே ஆழத்துக்குத் தள்ள முடியாது; அவனே விழித்து, அறிந்து இறங்க வேண்டும். எழுந்தவர்கள் இரண்டாம் ஏட்டில் 'தயார்' என்று எழுதுவார்கள். அதுவரையில் யாருக்காவது வேலை வந்தால் பெயரை அடித்துவிட்டுப் போகலாம். அனைவரும் தயார் என்று எழுதிய பிறகுதான் சேர்ந்து இறங்குவார்கள். எவ்வளவு ஆழம்? அவரவர் கேட்டதில் எது குறைவோ, அதுதான் எல்லாருக்கும். பின்னாளில் வந்த பல சில்லுகள் இந்த எண்ணிக்கை வேலையைத் தமக்குள்ளேயே செய்துகொள்கின்றன. டிரைவரின் பாரம் குறைந்தது. ஆனால் விதி மாறவில்லை.

இப்போது அந்த மாணவியின் தொலைபேசிக்கு வருவோம். அமைப்புப் பகுதியில் பேட்டரிக் கணக்கு என்று ஒரு பக்கம் உண்டு. எந்தச் செயலி எத்தனை விழுக்காடு தின்றது என்று அது காட்டும். அவளையும் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பார்த்தோம். அவள் தம்பி என்றோ போட்டுவைத்த ஒரு விளையாட்டு, யாரும் ஆடாதபோதும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஆளை அது திரும்பத் திரும்ப எழுப்பியது. அதனால் பொது எஞ்சின் அணையவே இல்லை. செம்பனைக் காட்டுக்குள் அலை சரியாகக் கிடைக்காத இடத்திலும் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; அது கோபுரத்தைத் தேடித் தொலைபேசி கூடுதல் சக்தியோடு கூவுவதால் வருவது, வேறு விஷயம்.

விளையாட்டை எடுத்துவிட்டோம். அன்று அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் தொலைபேசியைக் கொடுக்கும்போது, எத்தனை விழுக்காடு இருக்கிறதென்று அவளையே பார்த்துச் சொல்லச் சொன்னாராம். மாலையில் வந்ததும் அதையே கேட்டாராம்.