நூற்றுப் பதினெட்டு முட்டைகள்

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனைப் பழக்கடைக்காரருக்கு என் மகளை ஆறு வருஷமாகத் தெரியும். அவள் குரல்தான் தெரியாது. "பாப்பா எந்த கிளாஸ்?" என்று அவர் கேட்பது அவளிடம், பதில் சொல்வது நான். டி.நகரில் துணி எடுக்கப் போனாலும் இதே கதைதான். "இந்தக் கலர் பிடிச்சிருக்காம்மா?" என்று விற்பனைப் பெண் கேட்டால், அவள் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். நான் கலரையும் சொல்லி, கூடவே ஒரு விளக்கமும் கொடுப்பேன்: "அவ கொஞ்சம் ஷை டைப்."

போன பிப்ரவரியில் குடும்பத்தோடு ஆமை நடைக்குப் போய் வந்தோம். அங்கே நடந்த ஒரு சின்ன விஷயம் என்னை ரொம்ப நாள் குடைந்தது. அதைப் பற்றிப் படித்ததையும் பார்த்ததையும் சேர்த்துத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் கூச்சம். ஹார்வர்டில் ஜெரோம் காகன் என்ற உளவியலாளர் நாலு மாதக் குழந்தைகளுக்குப் புது பொம்மை, புது வாசனை, புது குரல் என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தார். சுமார் 20 சதவீதக் குழந்தைகள் கைகாலை உதைத்து அழுதன. பிற்பாடு அந்தக் கூட்டத்தில்தான் கூச்சக்காரக் குழந்தைகள் அதிகம் இருந்தார்கள். ஆக, இது வளர்ப்புக் கோளாறு இல்லை, பிறவியிலேயே ஒரு பங்கு இருக்கிறது. (இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.) ஆனால் அவர்கள் எல்லோரும் அப்படியே இருந்துவிடவுமில்லை. அந்த ஆய்வில் வந்த இன்னொரு விஷயம்தான் உறைத்தது: பயப்படும் குழந்தையைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றும் வீடுகளில் பயம் குறையாமல் நின்றுவிடுகிறது. பழக்கடையில் நான் செய்துகொண்டிருந்தது அதுதானே!

சரி, ஆமைக்கு வருவோம். சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் பங்குனி வரை முட்டையிட வருவது பங்குனி ஆமை. 1970களில் ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இரவில் கரையோரம் நடந்து கூடுகளைத் தேட ஆரம்பித்தார்கள். கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கிய அதே விட்டேக்கர்தான். 1988-லிருந்து எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. சீசனில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். நீலாங்கரையில் ஆரம்பித்து பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக பெசன்ட் நகர் வரை, கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர், ஈர மணலில்.

கிளம்பும் முன்பே விதிகளைச் சொல்லிவிட்டார்கள். டார்ச் கூடாது, செல்ஃபோன் வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது. வெளிச்சமோ நடமாட்டமோ தெரிந்தால் கரையேறும் ஆமை திரும்பிக் கடலுக்கே போய்விடும். அப்போது எனக்குத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது: பேசாமல் இருப்பதுதான் ஒழுங்கு என்று சொல்லும் இடத்துக்கு அவள் முதல் தடவையாக வந்திருந்தாள். பள்ளியில் "வாயைத் திற", கல்யாண வீட்டில் "பாடிக் காட்டு", இங்கே மட்டும் "சத்தம் போடாதீங்க". இருட்டில் யார் முகமும் தெரியாது. யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லோரும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த நாங்கள் பெரியவர்கள்தான் கிசுகிசுத்துத் திட்டு வாங்கினோம்.

பாலவாக்கம் தாண்டும் முன்பே ஒரு செத்த ஆமை கிடந்தது. "ஏம்பா செத்துப் போச்சு?" என்று என் காதருகே கேட்டாள். எனக்குத் தெரியும். ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னையையும் அதை ஒட்டிய கரையையும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் இப்படி ஒதுங்கியதாகச் செய்திகள் வந்தன. அதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் என் மனைவி, "அந்த அண்ணாவைக் கேட்டுப் பாரேன்" என்றாள். குழந்தை தலையாட்டி மறுத்தாள். அரை கிலோமீட்டர் கழித்துத் திரும்பிப் பார்த்தால், முன்னால் போகும் கல்லூரிப் பையனோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அலைச் சத்தம்.

கொட்டிவாக்கம் அருகே தடம் கிடைத்தது. டிராக்டர் சக்கரம் போன மாதிரி இரண்டடி அகலத்துக்கு மணலில் ஏறி இறங்கியிருந்தது. தாய் முட்டையிட்டு, மூடி, போயேவிட்டது. (அதை நேரில் பார்ப்பது அதிர்ஷ்டம். பல இரவுகளில் தடம்கூடக் கிடைக்காது என்றார்கள்.) அந்தப் பையன் ஒரு குச்சியால் மெதுவாகக் குத்திப் பார்த்து, மண் இளகிய இடத்தில் கையால் தோண்டினான். ஒன்றரை அடி ஆழத்தில் குடுவை மாதிரி குழி. உள்ளே பிங்பாங் பந்து போல முட்டைகள். ஒவ்வொன்றாகத் துணிப்பைக்குப் போயின. அங்கேயே விட்டால் நாய் தோண்டிவிடும்; தப்பிப் பொரித்தாலும், குஞ்சுகள் பளிச்சென்று தெரியும் திசையைக் கடல் என்று நம்பித் தெருவிளக்கை நோக்கிப் போய்விடும். அதனால்தான் பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் மறுபடி புதைக்கிறார்கள்.

கடைசி முட்டை வந்ததும் பையன் நிமிர்ந்து, "எண்ணினீங்களா, எவ்ளோ?" என்றான், என் மகளைப் பார்த்து.

"நூத்திப் பதினாறு" என்றேன் நான். பழக்கதோஷம்.

"இல்ல. நூத்திப் பதினெட்டு." அவள் குரல். "ரெண்டு தடவை ரெண்டு ரெண்டா எடுத்தாங்க. அப்பா ஒண்ணொண்ணா எண்ணிட்டாரு."

பத்துப் பதினைந்து அந்நியர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பையன் சிரித்துவிட்டு, "எனக்கும் நூத்திப் பதினெட்டுதான்" என்றான். விடியற்காலை நாலு மணிக்குப் பொரிப்பகத்தில் குழிக்குள் வைக்கும்போது இன்னொரு தடவை எண்ணினார்கள். 118.

வீட்டுக்கு வந்து புரட்டிய புத்தகங்களில் ஆல்பர்ட் பண்டுராவிடம் வந்து நின்றேன். 1969-ல் அவரும் இரண்டு சகாக்களும் பாம்பு என்றாலே நடுங்கும் பெரியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்குப் படம் காட்டினார்கள். சிலருக்கு மனதைத் தளர்த்தும் பயிற்சி. சிலருக்கு வேறொருவர் பாம்பைத் தொடுவதை நேரில் காட்டி, பிறகு கூடவே நின்று, படிப்படியாக அவர்களையே தொடவைத்தார்கள். கடைசிக் கூட்டத்தில் 92 சதவீதம் பேருக்குப் பயம் போய்விட்டது. இதையெல்லாம் வைத்து 1977-ல் அவர் எழுதியது சுயதிறன் நம்பிக்கை பற்றிய கட்டுரை. "என்னால் முடியும்" என்ற எண்ணத்துக்கு நாலு ஊற்றுகள் என்றார்: தானே செய்து பார்த்தது, பிறர் செய்யப் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, உடம்பின் படபடப்பு எவ்வளவு என்பது. இதில் தானே செய்து பார்த்ததற்குத்தான் பலம் அதிகம்.

நான் ஆறு வருஷமாக மூன்றாவதை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தேன். "உன்னால முடியும்டா செல்லம்." அந்த இரவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு அண்ணன் வேலை செய்வதை அவள் பார்த்தாள். இருட்டு படபடப்பைக் குறைத்தது. எண்ணுவது என்ற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். அது சரியாகவும் இருந்தது. நாலில் மூன்று தானாக அமைந்துவிட்டன.

இதோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். மாறவில்லை. அடுத்த வாரமே உறவினர் வீட்டில் பத்துப் பேர் நடுவே, "ஆமைக் கதையை மாமாவுக்குச் சொல்லும்மா" என்று ஆரம்பித்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். அவள் சம்பாதித்ததை எடுத்து நான் காட்சிக்கு வைத்தால் அவள் வேறென்ன செய்வாள்? திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு விதி: அவளைக் கேட்ட கேள்விக்கு மனதுக்குள் பத்து வரை எண்ணாமல் நான் வாயைத் திறப்பதில்லை. பழக்கடையில் அந்தப் பத்து ரொம்ப நீளம். சில நாள் எட்டாவதில் பதில் வருகிறது, சில நாள் வருவதேயில்லை, கடைக்காரரே அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார்.

முட்டை பொரிய நாற்பத்தைந்து நாள் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். நாட்காட்டியில் அவள் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். ஏப்ரலில் ஒரு சாயங்காலம் பெசன்ட் நகர் போனோம். கயிறு கட்டி, கூட்டத்தை நிறுத்தி, குஞ்சுகளை விட்டார்கள். உள்ளங்கையளவுகூட இல்லாத கறுப்புக் குஞ்சுகள் ஈர மணலில் துடுப்புப் போட்டுக்கொண்டு போயின. "நம்ம கூடு என்னாச்சுன்னு கேக்கலாமா?" என்றேன். "நீ இங்கயே இரு" என்றாள்.

இரண்டு பேர் செருப்பையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கூட்டத்தைச் சுற்றிப் போய், நோட்டுப் புத்தகம் வைத்திருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். நான் பத்து வரை இரண்டு தடவை எண்ணியாயிற்று. அப்புறம் அந்தப் பெண் குனிந்து ஏதோ கேட்பதும், பக்கத்தைப் புரட்டுவதும் தெரிந்தது.

ஓடி வந்தாள். "முந்தாநாளே போயிடுச்சாம்ப்பா. நூத்தி மூணு."