பன்றியை விரட்டத் துப்பாக்கி: எந்தக் கதவைத் தட்டுவது?

ராசிபுரத்திலிருந்து போதமலை அடிவாரத்துக்குப் போகிற வழியில் ஒரு குச்சிக்கிழங்குக் காடு. கரணை நட்டு எட்டு மாதம் ஆன பயிர், ஆளுயரம் நிற்க வேண்டும். நான் போன காலையில் நடுக்காட்டில் ஒரு களம் அளவுக்கு எல்லாம் சாய்ந்து கிடந்தது. மண்ணை ஏர் ஓட்டியது போலக் கிண்டியிருந்தார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. குனிந்து பார்த்தால் குளம்புத் தடம். பாதி கடித்து விட்ட கிழங்குகள் வெள்ளையாகக் கிடந்தன, கடித்த இடத்தில் பால் இன்னும் காயவில்லை. வேலியோரம் பழைய சேலைகளை வரிசையாகக் கட்டியிருந்தார் காட்டுக்காரர். பன்றி அதற்குப் பழகிவிட்டது.

"ஒரு துப்பாக்கிக்கு லைசென்ஸ் குடுத்தா நாங்களே பாத்துக்குவோம் தம்பி. மூணு வருசமா அதைத்தான் கேக்கறோம்" என்றார்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கோரிக்கை புதிதல்ல. கேட்கிறவர்களின் வலி உண்மை. ஆனால், கேட்கும் இடமும் கேட்கும் பொருளும் பெரும்பாலும் பொருந்தாமல் போகின்றன. துப்பாக்கி வைத்திருப்பது ஒரு சட்டம், பன்றியைச் சுடுவது வேறொரு சட்டம். முதலாவதை மாற்றும் அதிகாரம் தில்லியில் இருக்கிறது. இரண்டாவதில் சென்னைக்கும் கை உண்டு. இந்த வித்தியாசம் புரிந்தால் மனுவின் வாசகமே மாறிவிடும்.

முதலில் துப்பாக்கி. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 5ஆவது இனம் ஆயுதங்களும் வெடிபொருட்களும். அதனால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் தளர்த்த முடியாது. அமெரிக்காவில் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாமா என்பதை மாநிலத்துக்கு மாநிலம் மாற்றி எழுதுகிறார்கள். அங்கே ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சட்ட உரிமை, 2022இல் அதன் உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் கட்டுப்பாட்டையே தள்ளிவிட்டது. இங்கே அது உரிமை அல்ல, அரசு தரும் உரிமம்.

உரிமையாக்க முயற்சி நடக்காமல் இல்லை. 1857க்குப் பிறகு மக்களிடமிருந்த ஆயுதங்களைப் பறித்த வெள்ளை அரசு, 1878இல் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியன் உரிமம் கேட்க வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. அந்த அவமானம்தான் தேசிய இயக்கத்தை உறுத்தியது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ், இந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. காங்கிரசுக்கு விதிகள் வகுக்க அந்த மாநாட்டில் அமைத்த குழுவில் நம் சேலம் சி. விஜயராகவாச்சாரியாரும் இருந்தார். 1928இன் நேரு அறிக்கையும் 1931இன் கராச்சித் தீர்மானமும் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை உரிமைகளில் ஒன்றாகவே எழுதின. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. குற்றமே தொழிலாக வாழ்கிறவனும் அதே உரிமையைக் கேட்டு நிற்பானே என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. இன்று நம்மிடம் இருப்பது 19ஆவது பிரிவில் 'அமைதியாக, ஆயுதமின்றி' கூடும் உரிமை.

அம்பேத்கர் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். வரப்புத் தகராறிலும் வாய்க்கால் தகராறிலும் அரிவாள் எடுக்கும் ஊர்களில், வீட்டுக்கு வீடு துப்பாக்கி மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"குடகுக்காரங்களுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தாங்க?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குடகு மக்களுக்கும் அங்குள்ள 'ஜம்மா' என்னும் பரம்பரை நில உரிமைக்காரர்களுக்கும் 1861இல் பிரிட்டிஷ் அரசு கொடுத்த விலக்கு, ஆயுதச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்கீழ் இன்றும் தொடர்கிறது. 2019இல் அதைப் பத்தாண்டுக்கு, 2029 அக்டோபர் வரை நீட்டித்தார்கள். எதிர்த்துப் போட்ட வழக்கை 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த விலக்கையும் தருவது ஒன்றிய அரசுதான். பெங்களூரு தரவில்லை.

தில்லியில் குரல் எழுப்பினால் எதுவும் நகராது என்றும் சொல்லிவிட முடியாது. 2019இல் கொண்டுவந்த திருத்த மசோதா, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்க முனைந்தது. எதிர்ப்பு கிளம்பியது. நிறைவேறியபோது ஒன்று இரண்டாகியிருந்தது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது. கூடவே உரிமமில்லாத துப்பாக்கிக்கான குறைந்தபட்சச் சிறைத்தண்டனை இரண்டு ஆண்டானது. கல்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கியைப் பரணில் செருகி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கடைசி வரி தெரிந்திருக்க வேண்டும். உரிமமில்லாத துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல் துறை அறிவிக்கும்போது, ஊர்க்கவுண்டரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கொடுத்துவிடுவதுதான் புத்தி. மருந்தை இடித்து, பால்ரஸ் குண்டைப் போட்டுச் சுடும் அந்தக் குழாய், சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கக்கூடியது.

பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி உரிமம் என்பது சட்டத்தில் ஏற்கெனவே உண்டு. 13ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவு, உண்மையாகவே பயிரைக் காக்கக் கேட்கிறவருக்கு வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. அது போதாத இடத்தில் அதைவிட மேம்பட்ட, குழாய் வழவழப்பான துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். மாவட்டத்தில் ஆட்சியரிடமும், சேலம் மாநகரில் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். சிட்டா, அடங்கல், மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளக் கற்ற சான்று என்று காகிதம் நிறைய. காவல் துறை 30 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது விதி. மறுத்தால் மேல்முறையீடு செய்ய 18ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. வயலைக் காக்கத் தரும் உரிமத்தைக் காட்டித் துப்பாக்கியைத் திருவிழாவுக்குத் தூக்கிப் போக முடியாது. பொது இடத்தில் காட்டி மிரட்டுவதும் சுடுவதும் குற்றம். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும் சொல்வார்கள். பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி தெரியாது என்று இதில் மனம் நொந்துபோகிற விவசாயிகள் உண்டு. அந்தக் குறை நியாயமானது. பயிர்க் காவல் உரிமத்துக்கு விலக்குக் கேட்டு ஆட்சியரிடம் தேர்தலுக்கு முன்பே மனுக் கொடுப்பது நல்லது.

உரிமம் வந்துவிட்டது, துப்பாக்கி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை வைத்துப் பன்றியைச் சுட முடியுமா?

முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2022இன் திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் சுட்டால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அனுமதி தருவது 11ஆவது பிரிவு: மனித உயிருக்கோ, நிற்கும் பயிருக்கோ ஆபத்து என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ வேட்டைக்கு உத்தரவிடலாம். உயிருக்கு ஆபத்தான தருணத்தில் நல்லெண்ணத்தோடு தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமில்லை. கிழங்கைக் காக்கக் கொன்றதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 62ஆவது பிரிவின்படி குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கைத் தீங்குயிரி என்று ஒன்றிய அரசு அறிவிக்கலாம். பீகாரிலும் உத்தராகண்டிலும் காட்டுப்பன்றிக்கு அப்படி அறிவித்தார்கள். கேரளம் பலமுறை கேட்டும் தில்லி கொடுக்கவில்லை.

கேரளம் அதோடு நிற்கவில்லை என்பதுதான் நமக்குப் பாடம். 11ஆவது பிரிவில் தனக்கு இருந்த இடத்தைப் பயன்படுத்தி, 2022 மே மாதம் ஊராட்சி, நகராட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் பட்டியலில் இருப்பார்கள், ஊராட்சித் தலைவர் உத்தரவிடுவார், அவர்கள் சுடுவார்கள். ஆயுதச் சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. யார் சுடுகிறார், யார் சொல்லிச் சுடுகிறார் என்பது மட்டும் ஊருக்கு அருகில் வந்தது. சுடத் தெரிந்த, உரிமமுள்ள ஆள் கிடைப்பது அங்கே பெரும்பாடாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் வன உயிரினச் சட்டத்துக்கே மாநிலத் திருத்தம் கொண்டுவரும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியது.

மாநிலத் திருத்தம் என்றதும் நமக்கு நினைவுக்கு வர வேண்டியது ஜல்லிக்கட்டு. கூலமேட்டிலும் தம்மம்பட்டியிலும் இன்று வாடிவாசல் திறக்கிறது என்றால், 2017 ஜனவரியில் தமிழ்நாடு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்குத் தன் திருத்தத்தை நிறைவேற்றியதால்தான். குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. விலங்குவதைத் தடுப்பைப் போலவே வன உயிரினப் பாதுகாப்பும் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதனால் ஜல்லிக்கட்டுக்குப் போன அதே வழியில் காட்டுப்பன்றிக்கும் போக முடியும். துப்பாக்கிக்கு அந்த வழி கிடையாது.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. விவசாயச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டதன் பலனாக 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் சுடலாம், அதுவும் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டும்.

தஞ்சைச் சமவெளிக்கு இந்தக் கணக்கு சரிப்படலாம். நம் பக்கம் நிலம் அப்படி இல்லை. சமவெளி என்று பேர்தானே தவிர, நாலு திசையிலும் குன்று. கஞ்சமலை, ஜருகுமலை, போதமலை, கொல்லிமலை, சேர்வராயன், பச்சைமலை. ஒரு காப்புக்காட்டின் மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் அடுத்த காப்புக்காட்டின் மூன்று கிலோமீட்டர் தொடங்கிவிடும் ஊர்கள் இருக்கின்றன. பன்றியும் மலையிலிருந்து இறங்கி வருகிறது என்று இனிச் சொல்ல முடியாது. ஓடைக்கரையில், ஏரிக்குள் வளர்ந்த சீமைக்கருவேலப் புதரில் குட்டி போட்டு அங்கேயே தங்கிவிட்டது. அதைப் பிடித்துக் காட்டில் விட்டால் எந்தக் காட்டுக்குத் திரும்பும்? காப்புக்காட்டின் எல்லையிலிருந்து அளப்பதற்குப் பதில், பன்றி தங்கும் புதரையும் பயிர்ச் சேதத்தையும் வைத்து இந்த எல்லைகளை வகுக்கக் கேட்க வேண்டும். சேலம், ஆத்தூர், நாமக்கல் வனக்கோட்டங்களுக்கு இதைச் சான்றோடு எடுத்துச் சொல்வதுதான் உள்ளூரில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை என்பது என் கருத்து.

இதைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் கிழங்கு மட்டுமல்ல. அனுமதி கிடைக்காத இடத்தில் ஆட்கள் தாங்களே வழி தேடுகிறார்கள். ஒருவர் அவுட்டுக்காய் என்னும் நாட்டுவெடி வைக்கிறார், ஆடு மேய்க்கும் பிள்ளை அதை மிதிக்கிறது. இன்னொருவர் வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சி வேலி போடுகிறார். 2023 மார்ச்சில் பக்கத்துத் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. அடுத்த சில மாதங்களில் மின்வேலிகளைப் பதிவு செய்யும் விதிகளை அரசு கொண்டுவந்தது. இருட்டில் தண்ணீர் கட்டப் போகும் மனிதருக்கும் அந்தக் கம்பி தெரியாது. இரவில் ஊருக்கு வெளியே கம்பி இழுக்கும் ஒருவரைத் தெரிந்தால், அவரிடம் போய்ப் பேசுங்கள். இன்றே பேசுங்கள்.

மனுவைப் பற்றி. 'துப்பாக்கி உரிமம் வழங்கக் கேட்டு' என்று தலைப்பிட்ட மனு அலுவலகத்தில் ஆயுதப் பிரிவு மேசைக்குப் போகும், அங்கேயே தூங்கும். சேதத்தைத் தேதியோடு படமெடுத்து, சர்வே எண்ணும் அடங்கலும் வைத்து, கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தோடு வனச்சரகருக்கு எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தனி ஆளாகக் கொடுப்பதைவிட, அக்கம்பக்கத்து இருபது காட்டுக்காரர்கள் ஒரே வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால் வலு கூடும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் ஒரு தீர்மானம். குறைதீர்க்கும் நாளில் வனத்துறை அலுவலர் எதிரில் அதை வாசிக்க ஒருவர். எத்தனை பயிர்க் காவல் உரிமங்கள் நடப்பில் உள்ளன, எத்தனை பன்றிகளைப் பிடித்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி. கேரள வழியைக் கேட்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அங்கே உத்தரவிடுவது தேர்ந்தெடுத்த தலைவர். சேலம், நாமக்கல் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். உள்ளாட்சித் தேர்தலைக் கேட்பதும் பன்றிக்கான கோரிக்கையில் ஒரு பகுதிதான்.

போதமலை அடிவாரத்துக் காட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். பழைய மனுவின் நகலை மடித்து வைத்துவிட்டு, "காப்புக்காட்டுக் கல் அந்தா அங்க இருக்குது, வாங்க அளந்துக்கலாம்" என்று எழுந்தார். செல்போனைப் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்தோம். அவர் காட்டு மூலையிலிருந்து எல்லைக்கல் வரை வந்த தூரம் 1.7 கிலோமீட்டர். அதைப் பழைய மனுவின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.