பிள்ளைகள் பந்தை விட்டுவிடாமல் இருக்க

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் நம் பிள்ளைகள் பலர் கால்பந்துப் பயிற்சிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஜூனில் பள்ளி திறந்தபின் குறுவட்டப் போட்டி, அதில் ஜெயித்தால் மாவட்டம், பிறகு மாநிலம் என்று வரிசையாக வரும். அதற்கு உடம்பைத் தயார் செய்யும் காலம் இந்தச் சில வாரங்கள்தான். ஆனால் முதல் வாரம் மைதானம் நிறைய இருந்த கூட்டம் போகப் போகக் குறைந்துவிடுகிறது. நின்றுபோன பிள்ளைகளைக் கேட்டால், “சும்மா ரவுண்டு ஓடவே விடுறாங்க, பந்தே காலுக்கு வர்றதில்ல” என்கிறார்கள். அப்படி நின்ற பிள்ளை பெரும்பாலும் செல்போன் பக்கம் போய்விடுகிறது.

ஓட்டம் வேண்டாம் என்பதல்ல. அந்த ஓட்டத்தைப் பந்தோடு சேர்த்துக் கொடுக்க முடியும். 11 பேருக்கு 11 பேர் ஆடினால் சின்னப் பிள்ளை ஓரத்தில் நின்று வேடிக்கைதான் பார்க்கும். அதே இடத்தைப் பிரித்து 4 பேருக்கு 4 பேர் என ஆடவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அடிக்கடி வரும். ஓடவும், நிற்கவும், திரும்பவும் வேண்டியிருக்கும். மூச்சும் பழகும், ஆட்டமும் பழகும்.

ரஹீம் சாஹிப் காட்டிய வழி

இதை நம் நாட்டில் வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த செய்யது அப்துல் ரஹீம். அடிப்படையில் பள்ளி ஆசிரியர். இவர் பயிற்சியில் இந்திய அணி 1951இல் டெல்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1963இல் அவர் காலமானார்.

இளம் வீரர்களுக்காக அவர் புதுவிதமான போட்டிகளை நடத்தினார். ஒன்றில் பந்தை உருட்டிக்கொண்டு ஆளை ஏமாற்றிப் போகக் கூடாது, அடுத்தவருக்குக் கொடுத்தே ஆட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால்தான் ஆட வேண்டும். வேறொன்று குறிப்பிட்ட உயரத்துக்குக் குறைவானவர்களுக்கு மட்டும். எந்தத் திறமை குறைவோ அதையே ஆட்டத்தின் விதியாக வைத்துவிட்டார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, ஆசிரியருக்கு அதுவே பாடம். குட்டையான பிள்ளையும் ஒதுக்கப்படவில்லை. நம் ஊர்ப் பயிற்சியாளர்களும் வாரம் ஒரு விதியை மாற்றிப் பார்க்கலாம். இதற்குக் காசு செலவில்லை.

அடிபடாமல் இருக்க 20 நிமிடம்

பல நாள் ஓய்வுக்குப் பிறகு நேரே வேகமாக ஆடினால் கணுக்காலும் முழங்காலும்தான் முதலில் பாதிக்கும். 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக ‘11+ கிட்ஸ்’ என்ற தயார்ப்பயிற்சி முறை இருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடிப்பது, ஒற்றைக் காலில் தாவி நிதானமாக ஊன்றுவது, தண்டால், விழுந்தால் அடிபடாமல் உருளுவது போன்ற 7 பயிற்சிகள். சுமார் 20 நிமிடம் ஆகும். ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி உள்ளிட்ட 4 நாடுகளின் சிறுவர் அணிகளில் சோதித்தபோது, இதைச் செய்தவர்களுக்குக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வாரம் இரண்டு முறையாவது செய்ய வேண்டும்.

வெயிலும் தண்ணீரும்

ஏப்ரல், மே மாத வெயில் எப்படி இருக்கும் என்று தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுபுஹு தொழுகைக்குப் பின் தொடங்கி வெயில் ஏறும் முன் முடிப்பது நல்லது. இல்லையென்றால் அஸருக்குப் பின் தொடங்கி மஃரிபுக்குள் வீடு திரும்பலாம். மாலை மக்தபும் தடைப்படாது. 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட மோரும் கேழ்வரகுக் களியும் போதும், விலை உயர்ந்த பவுடர் டப்பா எதுவும் தேவையில்லை. தலைசுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் உடம்பைக் குளிரச் செய்யுங்கள். குழப்பமோ மயக்கமோ இருந்தால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

வலியை அலட்சியப்படுத்த வேண்டாம்

வேகமாக வளரும் 10 முதல் 15 வயதில் முழங்கால் சிப்பிக்குக் கீழேயும் குதிகாலிலும் வலி வருவதுண்டு. எலும்பு வளரும் இடத்தைத் தசைநார் திரும்பத் திரும்ப இழுப்பதால் வருவது அது. “ஆம்பளப் புள்ள, தாங்கிக்க” என்று சொல்லி ஓடவைத்தால் வலி கூடும். சில நாள் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்தால் பெரும்பாலும் தணியும். பிள்ளை நொண்டினாலோ, வீக்கம் இருந்தாலோ, இரவில் வலியால் விழித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லாத பிள்ளைக்கும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

பிள்ளைகளின் உடம்பும் உற்சாகமும் நம்மிடம் உள்ள அமானிதம். பயிற்சி முடிந்து வந்ததும் “எத்தனை கோல் போட்ட?” என்று கேட்காதீர்கள். “இன்னைக்குப் பந்து உன் காலுக்கு எத்தனை தடவை வந்துச்சு?” என்று கேளுங்கள். பல முறை என்றால் கவலையில்லை. வரவே இல்லை என்று தொடர்ந்து சொன்னால், பிள்ளை நின்றுபோகும் வரை காத்திராமல் பயிற்சியாளரிடம் போய் மரியாதையாகப் பேசுங்கள். பெரும்பாலான பயிற்சியாளர்கள் அதை நல்லெண்ணத்தோடு ஏற்றுக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.