செல்லுக்குள் ஒரு காயலான் கடை

மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லின் ஆற்றல் நிலையம் என்று பள்ளியில் படித்திருப்போம். அது பழுதாகும் என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. பழுதானது சும்மாவும் கிடக்காது. தீங்கான ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைக் கக்கி அக்கம்பக்கத்தையும் கெடுக்கும். ஆகவே செல் அதைப் பிரித்துப்போட்டு, தேறுகிற சாமானை எடுத்துக்கொள்கிறது. காயலான் கடைக்காரர் செய்கிற வேலைதான். பெயர், மைட்டோஃபேஜி.

கெட்டது எது என்று எப்படித் தெரியும்? பிங்க்1 என்றொரு புரதம் இருக்கிறது. நல்ல மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்ததும் அது நறுக்கப்பட்டுவிடும். சவ்வின் மின்னழுத்தம் விழுந்துவிட்டாலோ, உள்ளே போக முடியாமல் வாசலிலேயே குவியும். பார்க்கின் என்ற இன்னொரு புரதத்தை அழைக்கும். பார்க்கின் வந்து, இது கழித்துக்கட்ட வேண்டியது என்று அடையாளம் ஒட்டும். பிறகு ஒரு சவ்வுப்பை அதைச் சுற்றி வளைத்து லைசோசோமிடம் சேர்க்கும். அங்குள்ள நொதிகள் சிதைத்துத் தள்ள, அமினோ அமிலங்களும் கொழுப்பும் செல்லுக்குத் திரும்பும். செல்லின் மறுசுழற்சிக்கான மரபணுக்களை ஈஸ்டில் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

குப்பை சேராத செல்லில் மரபணுச் சேதம் குறைவு. அப்படியானால் இது புற்றுநோய்க்கு எதிரான காவல்தானே? பாதி உண்மை. மீதியைக் காட்டியவை நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐலீன் வைட் குழுவினர் ஆராய்ந்த எலிகள். நுரையீரல் புற்றில் அடிக்கடி காணப்படும் கேராஸ் மரபணுப் பிறழ்வைக் கொண்டு அவற்றுக்குக் கட்டிகளை உண்டாக்கினார்கள். கூடவே கட்டிச் செல்களிலிருந்து ஏடிஜி7 மரபணுவை நீக்கினார்கள். அது போனால் மைட்டோஃபேஜி மட்டுமல்ல, செல்லின் மறுசுழற்சியே பெருமளவு நின்றுவிடும். 2013இல் முடிவு வெளிவந்தது. கட்டிகள் மறையவில்லை. ஆனால் கொடிய புற்றாக வேண்டியவை, பழுதான மைட்டோகாண்ட்ரியா அடைந்துகிடக்கும் மந்தமான ஆன்கோசைட்டோமாக்களாகிப் போயின. பிராஃப் என்ற வேறொரு மரபணுவின் பிறழ்வால் வந்த கட்டிகளில் இன்னும் விசித்திரம்: மறுசுழற்சியை நிறுத்தியதும் முதலில் வேகமாக வளர்ந்தன, பிறகுதான் தேங்கின. காவலன், கூட்டாளி என்ற இரண்டு வேடமும் ஒரே நோயில்!

கூட்டாளியாவதற்குக் காரணம் பசி. விறுவிறுவென்று பெருகும் செல்லுக்கு வெளியிலிருந்து வரும் தீனி போதாது. மறுசுழற்சி இல்லாத புற்றுச் செல்லைப் பட்டினி போட்டால் செத்துவிடும். குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் கடையையே மூடிவிடலாமே? மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் லைசோசோமை முடக்கும் என்பதால், அதைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வைட் குழுவின் 2014ஆம் ஆண்டு ஆய்வையும் மறக்கக் கூடாது. வளர்ந்த எலிகளின் உடல் முழுவதும் ஏடிஜி7ஐ நீக்கியபோது கட்டிகள் சுருங்கின. அந்த எலிகளைப் பட்டினி போட்டபோது ரத்தச் சர்க்கரை சரிந்து மாண்டன. தீனி தின்றவையும் சில மாதங்களுக்கு மேல் தாங்கவில்லை. அவற்றில் பல, நரம்புச் சிதைவால் இறந்தன.